பதின்ம வயதில் விலங்கு காப்பகத்தில் தொண்டு: பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு விலங்கு காப்பகத்தில் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு வேலை சொல்லித் தருகிறேன். அல்சூர், லிங்கராஜபுரம், கே.ஆர்.புரம் பக்கமிருந்து தமிழ்ப் பிள்ளைகள் நிறைய பேர் வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை உள்ள பிள்ளைகள். அவர்கள் கேட்பதும், பின்னாலேயே வரும் அம்மா அப்பா கேட்பதும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எத்தனை வயதில் சேரலாம்?

தனியாக வந்து வேலை செய்ய 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று பல காப்பகங்கள் சொல்லும். சில இடங்களில் 16 போதும், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். அதற்கும் கீழே என்றால் வீட்டில் ஒரு பெரியவர் கூடவே வர வேண்டியிருக்கும். இந்த விதி உங்களைச் சின்னப் பிள்ளை என்று ஒதுக்குவதற்காக வைத்ததில்லை. ஒரு பிள்ளைக்குக் கடி பட்டால் பொறுப்பு காப்பகத்தின் தலையில் விழும். அதனால் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர வேண்டாம்.

பெங்களூரில் எங்கே போய்க் கேட்பது?

பழையது, பெயர் தெரிந்தது என்றால் க்யூபா (CUPA) என்ற விலங்கு நல அமைப்பு. கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற பெண்மணி 1991-ல் தொடங்கியது. வட பெங்களூர்ப் பக்கம் சார்லீஸ் அனிமல் ரெஸ்க்யூ சென்டர் இருக்கிறது. மூன்று கால்களோடு வாழ்ந்த சார்லி என்ற நாயின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். கெங்கேரிப் பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் காட்டுயிர் மருத்துவமனை இருக்கிறது. இவை தவிர ஒவ்வொரு பகுதியிலும் சின்னச் சின்னக் காப்பகங்கள் உண்டு. சில நேரம் ஆள் தேவை அங்கேதான் அதிகம்.

காட்டுயிர் மருத்துவமனையில் பருந்தையோ குரங்கையோ தொட விடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த உயிர்கள் காட்டுக்கோ வானத்துக்கோ திரும்ப வேண்டியவை. மனிதர்களிடம் பழகிவிட்டால் அவற்றுக்குத்தான் ஆபத்து. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

தேர்ந்தெடுக்கும்போது வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். ஒயிட்ஃபீல்டில் இருந்துகொண்டு கெங்கேரியில் சேர்ந்தால், மெட்ரோ இருந்தாலும் இரண்டே வாரத்தில் சலித்துப்போகும்.

அங்கே உண்மையில் என்ன வேலை? நாய்களோடு விளையாடலாம்தானே?

விளையாடலாம், ஆனால் அது கடைசியில்தான். காலையில் முதல் வேலை கழுவுவது. நாயை வெளியே மாற்றிவிட்டு, மலத்தை அள்ளி, தண்ணீர் அடித்து, கிருமிநாசினி போட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி அலசி, வைப்பரால் தண்ணீரைத் தள்ளிக் காயவிட வேண்டும். ஈரத் தரையில் நாயை விட்டால் பாதத்தில் புண் வரும். பூனைப் பகுதிக்கு வேறு மருந்து. வீட்டில் ஊற்றும் ஃபினாயில் போன்றவற்றில் இருக்கும் ஃபீனால் பூனைகளுக்கு விஷம். அதனால் பூனைப் பக்கம் என்ன பாட்டிலை எடுக்கச் சொல்கிறார்களோ அதை மட்டும் எடுங்கள்.

அப்புறம் சாப்பாட்டுத் தட்டு கழுவுவது, கோணியும் பழைய பெட்ஷீட்டும் துவைத்துக் காயப்போடுவது, உண்ணி எடுப்பது, முடி சீவுவது, பூனைத் தட்டுக்குச் செய்தித்தாள் விரிப்பது. நாயைக் கயிற்றில் நடத்திக் கூட்டிப் போவதைப் பழகிய பிறகுதான் தருவார்கள். விபத்தில் முதுகெலும்பு அடிபட்டுப் பின்னங்கால் இழுத்து நடக்கும் நாய்கள் எந்தக் காப்பகத்திலும் இருக்கும். அவற்றை ஊழியர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சொல்லித் தராமல் தூக்க முயல வேண்டாம்.

ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, கட்டு மாற்றுவது, சண்டை விலக்குவது இதெல்லாம் உங்கள் வேலை இல்லை. யாராவது அவசரத்தில் "கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று சொன்னால்கூட, பழக்கமில்லை என்று சொல்லிவிடலாம். அதற்காக யாரும் கோபப்படக் கூடாது. படுகிறார்கள் என்றால் அந்த இடம் பிள்ளைகளுக்கான இடமில்லை.

வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

இரண்டு மணி நேரம் போதும், ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே நேரம். எனக்கு இந்தப் பக்கத்தில் சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டென்றால் இதுதான். கோடை விடுமுறையில் தினமும் வந்துவிட்டு ஜூன் மாதம் காணாமல் போகும் பத்துப் பேரைவிட, சனிக்கிழமை காலை தவறாமல் வரும் ஒரு பெண்ணோ பையனோ காப்பகத்துக்கு மேல். ஊழியர்கள் உங்களை நம்பி வேலையைப் பிரித்து வைப்பார்கள். அதைவிட, அங்கே இருக்கும் நாய்களில் பாதி ஒரு முறை கைவிடப்பட்டவை. புது முகம் வந்து கொஞ்சிவிட்டு மறைந்து போவது அவற்றுக்கு ஏற்கெனவே பழகிய துன்பம்.

பயந்து மூலையில் கிடக்கும் நாயை எப்படி அணுகுவது?

இந்தக் கேள்விக்கு நான் விரும்பி நீளமாகப் பதில் சொல்வேன். ஏனென்றால் பதின்ம வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய வேலை இது.

முதல் விதி, அணுகவே வேண்டாம். கூண்டுக்கு வெளியே, நாய்க்குப் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணை நேராகப் பார்க்காதீர்கள். கையை நீட்டாதீர்கள், குறிப்பாகத் தலைக்கு மேலே கொண்டு போகாதீர்கள். சத்தம் ஒரே சீராக இருக்கட்டும். எங்களிடம் வரும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் சமூக அறிவியல் பாடத்தை வாய்விட்டுப் படிப்பாள். அவளுக்கும் படிப்பு ஆயிற்று, நாய்க்கும் அந்தக் குரல் பழகிற்று. போகும்போது ஒரு துண்டு வேகவைத்த கோழியையோ பிஸ்கட்டையோ தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நாய் உங்கள் கண் முன்னால் சாப்பிட வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பார்க்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. பசியில்லாமல் வாயை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டே கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது, வாலை வயிற்றுக்குக் கீழே சுருட்டிக்கொள்வது இதெல்லாம் "விலகு" என்று கேட்பது. உடம்பு அப்படியே விறைத்து அசைவில்லாமல் நின்றால் அடுத்தது கடியாக இருக்கலாம். மெதுவாகப் பின்வாங்குங்கள், ஓடாதீர்கள். உறுமும் நாயை அதட்டவே கூடாது. உறுமல் அது தரும் எச்சரிக்கை. அதட்டி அடக்கினால், நாளைக்கு எச்சரிக்காமலே கடிக்கும். வாலாட்டினால் நட்பு என்று நினைப்பதும் தவறு. பதற்றத்திலும் வால் ஆடும். உடம்பு முழுக்கத் தளர்ந்து வளைந்து ஆடுகிறதா என்று பாருங்கள்.

குட்டிகளுக்கு வேறு கணக்கு. பிறந்து சுமார் 3 வாரம் முதல் 14 வாரம் வரைதான் உலகத்தைப் பயமில்லாமல் கற்றுக்கொள்ளும் காலம். அந்த வயதில் மனிதக் கை, குடை, குக்கர் விசில், தண்ணீர்ச் சத்தம் எல்லாம் பழகிய குட்டிக்கு வீடு கிடைப்பது சுலபம்.

ரேபிஸ் தடுப்பூசி முன்கூட்டியே போட வேண்டுமா?

போட வேண்டும். இதில் பேரம் இல்லை. அறிகுறி தோன்றிய பிறகு ரேபிஸிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், ஆனால் தடுப்பூசியால் முழுமையாகத் தடுக்க முடிகிற நோய். கடி படுவதற்கு முன்பே போடும் அட்டவணை வழக்கமாக முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். அப்படிப் போட்டுக்கொண்டவருக்குப் பின்னால் கடி பட்டால், அன்றும் 3-ஆம் நாளும் என்று இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் (காயத்திலேயே போடும் ரேபிஸ் எதிர்ப்பு மருந்து) தேவைப்படாது. முன்கூட்டிப் போடாதவருக்குத் தசையில் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 14, 28 என்று ஐந்து நாள் கணக்கு, தோல் கிழிந்த கடியோ ரத்தம் வந்த கீறலோ என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும். உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

"தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்று பாட்டி பயமுறுத்தினால், அவர் பொய் சொல்லவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்துக்கு அப்படித்தான் போட்டார்கள். இந்தியா அதை 2004 இறுதியோடு நிறுத்திவிட்டது. இப்போது போடுவது கையில்.

அப்படியும் கடித்துவிட்டால், நகம் கீறிவிட்டால்?

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். காப்பகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் இந்த ஊசி போடுகிறார்கள்.

வீட்டில் திட்டுவார்கள், இனி அனுப்ப மாட்டார்கள் என்று பயந்து கீறலை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அப்பா அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்: கடி பட்டு வந்தால் முதலில் ஊசி, கோபம் அப்புறம். மறைக்கத் தூண்டும் வீடுதான் உண்மையில் ஆபத்தான வீடு.

வேறு நோய்கள் ஒட்டுமா?

படர்தாமரை, சொறி இரண்டும் ஒட்டும், மருந்து போட்டால் போய்விடும். மழைக்காலத்தில் எலி, நாய் சிறுநீர் கலந்த தண்ணீரால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வரலாம், அதனால் கம்பூட்டும் கையுறையும் கட்டாயம், காலில் புண் இருந்தால் அந்த வாரம் கழுவும் வேலை வேண்டாம். முழுக்கால் பேண்ட், பழைய சட்டை, கட்டிய முடி. துப்பட்டா, தொங்கும் கம்மல் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சேராதீர்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. பரவாயில்லையா?

அதற்குத் தடுப்பூசி முழுவதும் முடியவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்து வாருங்கள். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் உங்கள் செருப்பிலும் பேண்ட் நுனியிலும் ஏறி வீட்டுக்கு வரும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது. பிளீச் கரைசல்தான் அதைக் கொல்லும். தடுப்பூசி முடிந்த நாயென்றாலும், காப்பகத்துக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நாய் ஓடி வரும். கொஞ்சாமல் நேரே குளியலறைக்குப் போய், உடையை மாற்றிக் கை கால் கழுவிய பிறகு கொஞ்சுங்கள்.

வீட்டில் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

முதலில், அவர்கள் பயத்தில் பாதி நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். கடி, நோய், படிப்பு, தனியாகப் பயணம். ஒவ்வொன்றுக்கும் பதிலோடு போய் உட்காருங்கள்: ஊசிக்கு இன்ன தேதி, இன்ன பஸ், திரும்பும் நேரம், பொறுப்பாளரின் தொலைபேசி எண். முதல் நாள் அம்மாவையோ அப்பாவையோ கூட அழைத்து வாருங்கள். சுத்தம் செய்யும் முறையைக் கண்ணால் பார்த்தவுடன் பாதி எதிர்ப்பு கரைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"நாயைத் தொட்டுவிட்டு வந்து பூஜை அறைக்குப் போவாயா" என்று கேட்டால் வாதாட வேண்டாம். குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். "இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்" என்று சித்தப்பா யாராவது சொன்னால் மட்டும் பதில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் நின்று உழைத்தவர் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. சென்னையில் ப்ளூ கிராஸை 1959-ல் தொடங்கியவர் கேப்டன் வி. சுந்தரம். இது நம் வீட்டுக் காரியம்தான்.

நாங்கள் சைவம். கோழி சமைக்க, பரிமாற வேண்டியிருக்குமா?

சோற்றோடு கோழி வேகவைப்பது பல காப்பகங்களில் வழக்கம். உங்களுக்குத் தயக்கம் என்றால் சேரும்போதே சொல்லிவிடுங்கள். கழுவ, துவைக்க, நடத்திக் கூட்டிப் போக வேலை ஏராளம். வீட்டில் மிஞ்சியதைக் கொண்டு வந்து போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சாம்பாரிலும் குழம்பிலும் இருக்கும் வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. திராட்சை, சாக்லேட்டும் அப்படித்தான்.

கன்னடம் சரியாகப் பேச வராதே?

ஊழியர்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, நேபாளி பேசுபவர்கள் எல்லோரும் இருப்பார்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு, தெரிந்த நாலு வார்த்தையில் தொடங்குங்கள். ஒரு பருவத்துக்குள் நன்றாகவே பேசுவீர்கள். தினமும் அந்த உயிர்களைத் தூக்கிச் சுமப்பவர்கள் அவர்கள்தான், உங்களுக்கு உண்மையான ஆசிரியர்களும் அவர்கள்தான். அவர்கள் சாப்பிடும்போது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

நான் பார்த்துக்கொண்ட நாய் இறந்துவிட்டால்?

இறக்கும். குட்டிகள் பார்வோவில் போகும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்த நாய் சில நாள் தேறுவதுபோல் இருந்து போகும். வலி தீர வழியே இல்லாதபோது மருத்துவர் கருணைக்கொலை செய்ய முடிவெடுக்கும் நாளும் வரும். அந்த முடிவை எடுப்பதும், ஊசி போடும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதும் உங்கள் பொறுப்பல்ல. இருக்க விரும்பினாலும் பொறுப்பாளரும் வீட்டாரும் சம்மதித்தால்தான்.

அழுகை வந்தால் அழுங்கள். யாராவது ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். அடுத்த வாரம் வர மனமில்லை என்றால் வர வேண்டாம், ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் நாட்கள் போனால் அது தொண்டு செய்வதைவிட முக்கியம். நிறுத்திக்கொண்டு வீட்டில் பேசுங்கள். பெற்றோருக்கு: "ஒரு நாய்தானே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா?

அனுமதி கேட்டுவிட்டுப் போடலாம், நன்றாக எடுத்தால் பெரிய உதவி. வெள்ளை, கறுப்பு, பழுப்பு நாட்டு நாய்கள் கூண்டுக் கம்பிக்குப் பின்னால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பகல் வெளிச்சத்தில், நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுத்த ஒரு படமும், "படிக்கட்டு ஏறப் பயம், குழந்தைகளோடு நன்றாகப் பழகும்" என்ற ஒரு உண்மையான வரியும் வீடு தேடித் தரும். காயத்தின் படம், சிகிச்சையின் படம் வேண்டாம். காப்பகத்தின் இருப்பிடத்தையும் போடாதீர்கள். இரவில் வாசலில் குட்டிகளைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அறுவை முடிந்த தெரு நாயை ஏன் மறுபடி தெருவிலேயே விடுகிறீர்கள்?

புதியவர்களுக்கு மனம் வலிக்கும் இடம் இது. அந்தத் தெரு அதன் வீடு. கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் முடிந்த நாயை, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2001 முதல் விதி, 2023-ல் வந்த புதிய விதிகளும் அதையே சொல்கின்றன. அந்த நாயை எடுத்துவிட்டால் காலியான இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வரும். காது நுனியில் சிறிய வெட்டு இருந்தால் அறுவை முடிந்தது என்று அர்த்தம். 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும் திரும்ப விடுவதையே ஏற்றது, ரேபிஸ் உள்ள அல்லது மூர்க்கமான நாய்களைத் தவிர. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றும் சொன்னது. சட்டம் மாறிக்கொண்டிருக்கும் விஷயம், செய்தியைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

கால்நடை மருத்துவம் படிக்க இது உதவுமா? சான்றிதழ் கிடைக்குமா?

சேர்க்கைக்கு மதிப்பெண்ணாக உதவாது. கர்நாடக இடங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு, 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு நீட். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. இங்கே ஹெப்பாலில் 1958-ல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது, சென்னையில் 1903-ல் தொடங்கிய கல்லூரி. பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அந்த ஐந்தரை ஆண்டைத் தாங்குவீர்களா என்று கண்டுபிடிக்கக் காப்பகத்தைவிட நல்ல இடம் இல்லை.

சான்றிதழ் பெரும்பாலும் தருவார்கள். ஐசிஎஸ்இ பள்ளிகளில் சமூகச் சேவைக்குக் காட்டலாம். அதற்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற சின்ன வேலை தருவோம்.

தேர்வு நேரத்தில்?

நின்றுவிடுங்கள். ஆனால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், திரும்பி வரும் தேதியையும்.

எங்குமே சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். அடுக்குமாடியில் ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் பழைய பெட்ஷீட், துண்டு, செய்தித்தாள் சேர்த்துத் துவைத்துக் கொடுங்கள். எது தேவை என்று காப்பகத்தைக் கேட்ட பிறகு சேகரியுங்கள், தலையணையும் மெத்தையும் எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள். வெயில் காலத்தில் வாசலில் மண் சட்டியில் தண்ணீர் வைத்தால் தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள், கொசு முட்டையிடும். உங்கள் தெருவில் காது வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை, எந்த இடம் என்று குறித்து, கருத்தடை செய்யும் அமைப்பிடமோ மாநகராட்சியிடமோ கொடுங்கள்.

ஜூன், ஜூலை வாக்கில் வரும் ஆஷாட மாதத்தில் இந்த ஊரில் பட்டம் விடுவார்கள். நைலான் மாஞ்சாவுக்குத் தடை இருந்தும், இறக்கை அறுந்த பருந்துகள் விழுகின்றன. அப்படி ஒன்றைப் பார்த்தால் நூலை இழுக்காதீர்கள். பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, தடித்த துணியைப் பறவை மேல் போட்டு, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறு ஊட்ட வேண்டாம். சத்தமில்லாத இடத்தில் பெட்டியை வைத்துவிட்டுக் காட்டுயிர் மருத்துவமனைக்குப் போன் செய்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.